யவனக் காமனும் நம் மன்மதனும்

மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருக்கும் தெருவிலுள்ள கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வினாவை விடுத்தார். கிரேக்க நாட்டுக் காதற் கடவுளாகிய ஈரோஸ் என்பவன் கையில் வில் இருக்கின்றது. நம் மன்மதன் கையிலும் வில் இருக்கின்றது. அவனும் அம்பு எய்கின்றான், இவனும் எய்கின்றான். அப்படியானால் அலெக்சாந்தரோடு வந்த யவனர்களிடமிருந்து நாம் இவனைக் கடன் வாங்கிக்கொண்டோமா, அல்லது நம்மிடமிருந்து அவர்கள் எடுத்துச் சென்றார்களா என்பதே அவர் வினா. இரண்டில் ஒன்றை எதிர்பார்த்தே அவர் கேட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்த வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால் அவ்விடை தவறாக இருக்கும். ஆகையால் இதைச் சற்று விரிவாகவே பேசலாம் என்று எண்ணுகின்றேன்.

மாணவ நண்பர்களே! கிரேக்கக் காமனைக் காண நாம் ஏதென்சு நகரத்துக்குப் போகவேண்டியதில்லை. அவன் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கே வந்திருக்கின்றான். புதுச்சேரிக்குத் தெற்கே ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், அரிக்கமேடு என்று ஓர் இடம் உண்டு. அங்கே கிடைத்த பொருள்களுள் ஒரு சிறிய படிகக்கல் இருக்கின்றது. அக்கல்லில் காதற் கடவுளின் உருவமும் ஒரு பறவையின் உருவமும் குழிவாகச் செதுக்கப்பட்டுள்ளன. யவன வேலைப்பாடு என்பதில் அறிஞர்களுக்கு ஐயமில்லை. ரோமர்கள் ஈரோசைக் கியூபிட் என்று அழைத்தார்கள். பெயர்தான் வேறே தவிர ஆள் ஒருவனே.

அரிக்கமேட்டின் கதை உங்களுள் பலருக்குத் தெரிந்திருக்கலாம். 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேல் என்பவருக்கு, அவ்விடத்துச் சிறுவர்கள் பொறுக்கிய மணிகளும் கற்களும் கிடைத்தன. மனிதத் தலை பொறித்த ஒரு கல்லைக் கண்டு, அது ரோமப் பேரரசர் அகஸ்டசின் தலையாக இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். பின்னர், 1944-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தபோது, ஒரு மதுச்சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அவர் கையில் அகப்பட்டன. ரோம நாட்டுச் சாடி அது! எங்கே கிடைத்தது என்று கேட்டார், அரிக்கமேடு என்றார்கள். உடனே புதுச்சேரிக்குப் புறப்பட்டுவிட்டார். அடுத்த ஆண்டே, அதாவது 1945-இல், அங்கே முறையாக அகழ்ந்து பார்த்தார். இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரத்தில் செய்த செந்நிற மட்கலங்களின் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் அடியில் விபியே, கமுரி, இத்தா என்று குயவர்களின் முத்திரைகள் இருந்தன. இந்தக் குயவர்கள் வாழ்ந்த காலம் ஐரோப்பாவில் நன்கு அறியப்பட்டதாகையால், அரிக்கமேட்டு மண்ணடுக்குக்கு ஒரு காலம் குறிக்க முடிந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி என்பது வீலரின் முடிவு. பிற்காலத்தில், 1989 முதல் 1992 வரை, விமலா பெக்லி என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் மறுபடியும் அகழ்ந்து, அவ்வூர் வீலர் நினைத்ததைவிட முன்பே தொடங்கி, அவர் நினைத்ததைவிட நெடுங்காலம் வாழ்ந்தது என்று காட்டினர்.

காமன் பொறித்த கல்லுக்கு வருவோம். அதில் ஒரு சிறப்பு இருக்கின்றது. உருவம் செதுக்கி முடிந்துவிட்டது. ஆனால் கல்லின் விளிம்பு இன்னும் சீர்செய்யப்படவில்லை. மோதிரத்தில் பதிப்பதற்கேற்ப ஓரங்களைத் தேய்த்து வடிவாக்கவேண்டும் அல்லவா? அந்த வேலை நடக்கவேயில்லை. இதை ஊன்றி எண்ணிப் பாருங்கள். ரோமாபுரியிலிருந்து விற்பனைக்கு வருகின்ற மோதிரக்கல் இப்படி அரைகுறையாக வருமா? வராது. எனவே, கல்லைச் செதுக்கிய கைவினைஞன் அரிக்கமேட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்திருக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர் உய்த்துணர்ந்தனர். கப்பலில் வந்த யவனக் கம்மியனா, அவனிடம் தொழில் பயின்ற தமிழ்க் கம்மியனா என்பதை அக்கல் சொல்லாது. அரிக்கமேட்டில் பலவகைக் கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன என்பது மட்டும் உறுதி. கல்லைத் துளைக்கவும் தேய்க்கவும் தெரிந்தவர்கள் நிறைந்த ஊர் அது.

இத்தகைய வேலை எவ்வாறு நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகின்றேன். படிகக்கல் எஃகைவிடக் கடினமானது. உளிக்கு அது எளிதில் வசப்படாது. சுழல்கின்ற மெல்லிய துளைக்கருவியின் முனையில் எண்ணெயும் கடினமான கற்பொடியும் கலந்து தடவி, சிறிது சிறிதாகத் தேய்த்தே பள்ளம் உண்டாக்கவேண்டும். உண்மையில் தேய்ப்பது கருவியன்று, பொடிதான். அப்பொடிக்கு மிகச் சிறந்த கல் குருந்தம். கொரண்டம் என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல் தமிழ்க் குருந்தத்திலிருந்தே பிறந்தது என்பதை ஆங்கில அகராதிகளும் ஒப்புக்கொள்கின்றன. இன்னொரு சங்கடம் என்னவென்றால், எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும். கல்லை மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தும்போதுதான் உருவம் புடைத்து நேராகத் தோன்றும். விரல்நகம் போன்ற இடத்தில், தலைகீழாய் எண்ணி, ஒரு கடவுளையும் ஒரு பறவையையும் படைத்த அந்தக் கையை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கின்றது.

இனி, இக்கடவுளின் பிறந்தகத்துக்குச் செல்வோம். கிரேக்க நாட்டில் தெஸ்பியே என்பது ஒரு சிற்றூர். அவ்வூரார் மற்றெல்லாத் தேவரையும்விட ஈரோசையே மிகுதியாகப் போற்றினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் சுற்றிப் பயணநூல் எழுதிய பௌசானியாஸ் என்பவர் ஓர் அரிய செய்தி சொல்கின்றார். தெஸ்பியே ஊரார் வழிபட்ட மிகப் பழைய ஈரோஸ், செதுக்கப்படாத வெறுங்கல் ஒன்றே! கண்ணில்லை, மூக்கில்லை, சிறகில்லை. வேப்ப மரத்தடியில் நட்ட கல்லுக்கு மஞ்சள் பூசி வணங்குகின்ற நம் ஊர்க்காரருக்கு இச்செய்தி விந்தையாகத் தோன்றாது. கிரேக்கர் என்றாலே பளிங்குச் சிலைகள் என்று நினைப்பவர்களுக்குத்தான் வியப்பு.

அதே ஊருக்குக் கி.மு. நான்காம் நூற்றாண்டில் பிராக்சிட்டிலீஸ் என்னும் மாபெரும் சிற்பி செய்த ஈரோஸ் சிலை வந்து சேர்ந்தது. வந்த வரலாறு சுவையானது. பிரைனி என்ற பேரழகி அச்சிற்பியின் அன்புக்குரியவள். உம்முடைய சிலைகளில் சிறந்ததை எனக்குத் தரவேண்டும் என்று அவள் கேட்டாள். தருவதாக ஒப்புக்கொண்ட சிற்பி, எது சிறந்ததென்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். அவள் ஒரு சூழ்ச்சி செய்தாள். உம்முடைய பட்டறையில் தீப்பற்றிவிட்டது என்று ஓர் ஆளைவிட்டுச் சொல்லச்செய்தாள். சிற்பி பதறி எழுந்து, சாட்டிரையும் ஈரோசையும் நெருப்பு தின்றுவிட்டால் என் உழைப்பெல்லாம் வீண் என்று அலறினார். பிரைனி சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்லி, ஈரோசைக் கேட்டு வாங்கித் தெஸ்பியேக்குக் காணிக்கையாக்கினாள். அச்சிலையைக் காண்பதற்காகவே அந்தச் சிற்றூருக்கு மக்கள் பயணம் செய்தனராம்.

பிற்பாடு நடந்தது துன்பக் கதை. ரோமப் பேரரசன் கலிகுலா சிலையைப் பறித்துக்கொண்டு போனான். அடுத்து வந்த கிளாடியஸ் திருப்பித் தந்தான். அவனுக்குப் பின் நீரோ மறுபடியும் எடுத்துச் சென்றான். ரோமாபுரியில் அது தீக்கிரையாயிற்று. பொய்யாகச் சொன்ன தீ சில நூற்றாண்டுகளுக்குப் பின் மெய்யாகவே வந்து எரித்துவிட்டது. இன்று நமக்கு எஞ்சியிருப்பன ரோமர் காலத்து நகல்கள் என்று கருதப்படும் சில உருவங்களே. பிராக்சிட்டிலீசுக்கு அடுத்த தலைமுறையினனான லிசிப்பஸ் செய்த, வில்லுக்கு நாணேற்றும் ஈரோசின் நகல்கள் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ளன.

இவ்விருவர் காலத்திலும் ஈரோஸ் மீசை அரும்பாத இளைஞன். அதற்குப் பிறகு அவன் வயது குறைந்துகொண்டே போயிற்று! இருநூறு ஆண்டுகளுக்குள் கொழுகொழுவென்ற குழந்தையாகிவிட்டான். நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்கலச் சிலை ஒன்று 1943 முதல் இருக்கின்றது. சிறகுகளை விரித்துப் பரப்பிக்கொண்டு, ஒரு கை மார்பின் குறுக்கே தொங்க, குழந்தை ஈரோஸ் அயர்ந்து உறங்குகின்றான். உலகத்தையே ஆட்டிவைப்பவன், விளையாடிக் களைத்த பிள்ளைபோலத் தூங்குகின்றான். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காத படைப்பு அது என்பேன். படங்களில் கண்டே இவ்வளவு சொல்கின்றேன். போகிற போக்கில் ஒன்று: இலண்டன் பிக்காடிலிச் சதுக்கத்தில் 1893-ஆம் ஆண்டு நிறுவிய சிலையை உலகமே ஈரோஸ் என்கின்றது. ஆனால் அதைச் செய்த ஆல்பிரெட் கில்பர்ட், ஈரோசின் தம்பி ஆன்டெராசையே கருதிச் செய்தார். ஊர்வாய் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

இப்போது மாணவரின் வினாவை எடுத்துக்கொள்ளலாம். மன்மதன் யவனத்திலிருந்து வந்தவனா? காமனுடைய அம்பு நெஞ்சைத் துளைக்கவேண்டும் என்று வேண்டுகின்ற ஒரு பாடல் அதர்வவேதத்தின் மூன்றாம் காண்டத்தில் இருக்கின்றது. அலெக்சாந்தர் சிந்து நதியைக் கடந்தது கி.மு. 326-இல். அதர்வவேதம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. ஆகவே, வில்லையும் அம்பையும் யவனர் கொடுத்துப் போனார்கள் என்பது பொருந்தாது. இதைக் கொண்டு, நாமே அவர்களுக்குக் கொடுத்தோம் என்று மார்தட்டிக்கொள்வதற்கும் இடமில்லை. அதற்கு ஒரு சான்றும் கிடையாது. காதல் எங்கிருந்தோ திடீரென்று பாய்ந்து தாக்குகின்றது, தாக்கியவன் கண்ணுக்குத் தென்படுவதில்லை, புண் மட்டும் இருக்கின்றது. இந்த அனுபவத்தை அம்பு என்று சொல்ல ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரிடம் பாடம் கேட்கவேண்டுமா? வேடர்கள் வில்லெடுத்துத் திரிந்த எந்த நாட்டிலும் இவ்வுவமை தோன்றக்கூடியதே. ஒரு பொருத்தத்தைக் கண்டவுடன் கடன் என்று முடிவுகட்டுவது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சில மேனாட்டு அறிஞர்களுக்கு வழக்கமாக இருந்தது. அதற்கு எதிராக, எல்லாம் நம்முடையதே என்று கூறுவது இங்குள்ள சிலருக்கு வழக்கமாயிற்று. இரண்டும் ஒரே சோம்பலின் இரு முகங்கள் என்பது என் கருத்து.

கூர்ந்து நோக்கினால் இருவருக்கும் வேற்றுமையே மிகுதி. ஈரோஸ் தாய் மடியில் விளையாடும் பிள்ளை. மன்மதன் மனைவியோடு கூடி வாழும் இல்லறத்தான். இரதி இல்லாமல் அவனை நினைக்கவே முடியாது. ஈரோசுக்குச் சிறகு உண்டு. மன்மதனுக்குத் தென்றலே தேர். மன்மதனின் வில் கரும்பு. நாண் வண்டுகளின் வரிசை. கணைகள் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்னும் ஐந்து மலர்கள். இவ்வளவு தித்திப்பான படைக்கலத்தை வேறெந்த நாட்டாரும் எந்தக் கடவுளுக்கும் கொடுத்ததாக நான் அறியேன்.

தமிழ்நாட்டில் அவனுக்குக் கோயிலும் இருந்தது. அரிக்கமேட்டுக்குத் தெற்கே அதே கடற்கரையில் அமைந்த புகார் நகரத்தில் காமவேள் கோட்டம் இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. கணவனைப் பிரிந்திருந்த கண்ணகியிடம் தேவந்தி என்னும் தோழி, சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம் என்கின்றாள். அது நமக்குப் பெருமை தராது என்று கண்ணகி ஒரே சொல்லில் மறுத்துவிடுகின்றாள். இளங்கோவடிகள் படைத்த கண்ணகியின் திண்மை முதன்முதலாக வெளிப்படும் இடம் அதுவே எனலாம். ஆண்டாளோ நாச்சியார் திருமொழியின் தொடக்கத்திலேயே, தைத் திங்களில் நோன்பிருந்து, தன்னைத் திருமாலோடு சேர்த்துவைக்குமாறு காமனைத் தொழுகின்றாள். ஒருத்தி மறுத்தாள், ஒருத்தி வேண்டினாள். எவள் செய்தது சரி என்று பட்டிமண்டபம் நடத்த விரும்புவோர் நடத்திக்கொள்ளலாம். காமன் வழிபாடு நம் நாட்டில் ஏட்டளவில் நின்றதன்று என்பதற்கு இரண்டுமே சான்று.

அவ்வாறானால் யவனக் காமன் இங்கே வந்ததற்கு விளைவே இல்லையா? உண்டு, ஆனால் அது மன்மதனிடத்தில் இல்லை. கிரேக்க ரோமச் சிற்பங்களில் சின்னஞ்சிறு ஈரோசுகள் பலர் வரிசையாக நின்று, நீண்ட பூமாலை ஒன்றைத் தோளில் சுமந்து செல்வதுபோலச் செதுக்குவது ஒரு மரபு. மாலை ஒருவர் தோளில் ஏறி, இடையில் தாழ்ந்து, மீண்டும் அடுத்தவர் தோளில் ஏறும். இந்தக் காட்சி காந்தார நாட்டுக்கு வந்தது. பெஷாவருக்கு அருகே ஷாஜி-கி-தேரி என்னுமிடத்தில் 1908-09-இல் கண்டெடுத்த கனிஷ்கர் காலத்துப் பேழையின் மேல் அதைக் காணலாம். அங்கே அவர்கள் சுமப்பது புத்தர்பெருமானுக்குரிய மாலை! காதற் கடவுள் துறவியின் தொண்டனாகிவிட்டான். அம்மரபின் சாயல் தெற்கே அமராவதி வரைக்கும் வந்தது என்று கலையறிஞர் கருதுவர்.

இதை நேரில் காண்பது நமக்கு எளிது. மாம்பலம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு கடந்து நாலாவது நிலையம் எழும்பூர். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலே, 1851-இல் தோன்றிய அரசு அருங்காட்சியகம் இருக்கின்றது. அமராவதிச் சிற்பக்கூடத்தில் வேலியின் மேல்விளிம்புக் கற்களைப் பாருங்கள். பருத்த மாலையை ஆட்கள் தூக்கிச் செல்கின்றார்கள். சிறகு போய்விட்டது, உடை மாறிவிட்டது, முகம் ஆந்திர நாட்டு முகம். மாலையின் ஏற்ற இறக்கம் மட்டும் யவன நாட்டை நினைவூட்டுகின்றது. ஒரு நாட்டுக் கலை இன்னொரு நாட்டுக்குள் இப்படித்தான் நுழைகின்றது. கடவுள் உள்ளே வருவதில்லை. அவன் தோளில் சுமந்த பொருள் வந்துவிடுகின்றது.

நம் மன்மதனைக் கல்லில் காணவேண்டுமானால், கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தில் சிவபெருமான் காமனைத் தண்டிக்கும் காட்சி பதினோராம் நூற்றாண்டுச் சோழச் சிற்பமாக உள்ளது. அக்கதை நிகழ்ந்த இடமென்று மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள கொறுக்கையைச் சொல்வர். அட்டவீரட்டத் தலங்களுள் அது ஒன்று. நாயக்கர் காலத்தில் நெல்லைச் சீமைக் கிருஷ்ணாபுரத்திலும், திண்டுக்கல்லுக்கு அருகே தாடிக்கொம்பிலும் மன்மதனும் இரதியும் ஆளுயரத் தூண் சிற்பங்களாக நிற்கின்றனர். நெற்றிக்கண்ணால் எரிந்தபின் மன்மதன் உருவமற்றவன், அநங்கன். இரதியின் கண்ணுக்கு மட்டுமே அவன் தோன்றுவான் என்பது புராணம். அந்த உருவமற்றவனுக்கு அணிகலனும் கரும்பு வில்லும் கொடுத்து, நாமெல்லோரும் காணும்படி தூணில் நிறுத்திய சிற்பியின் துணிவை என்னென்பது! தாடிக்கொம்பில் திருமணத்தை வேண்டி மக்கள் அவனை இன்றும் வழிபடுகின்றார்கள். நம் அறுபதாண்டுச் சுழற்சியிலும் அவன் பெயர் இருக்கின்றது. 2015 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு மன்மத ஆண்டு.

எரிந்தானா எரியவில்லையா என்று கேட்டு இரவெல்லாம் வாதாடிய ஊர்கள் தஞ்சை மாவட்டத்தில் இருந்தன. காமன் பண்டிகையின்போது, எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து லாவணி பாடுவார்கள். ஒருவர் மதனன் சாம்பலானான் என்று நிலைநாட்ட, மற்றவர் அவன் எரியவேயில்லை என்று மறுப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்கள், பிற உடைமை ஏதும் கொண்டுசெல்ல முடியாத நிலையிலும், இக்கதையைக் கொண்டுசென்றனர். அங்கே காமன் கூத்து இன்றும் ஆடப்படுகின்றது. மதனை எரிக்கும் நாள் வரும், இரதி புலம்புவாள், பின்னர் அவன் உயிர்த்தெழுவான். குடும்பத்தைப் பிரிந்தும் கடல் கடந்தும் போன மக்கள் இரதியின் புலம்பலை வேறு எவரையும்விட நன்றாக அறிந்திருப்பார்கள்.

அரிக்கமேட்டுக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. அங்கே மரங்களினூடே இடிந்து நிற்கும் செங்கற் சுவர்களைக் கண்டவுடன் ரோமர் கட்டியவை என்று பலர் படமெடுத்துக்கொள்கின்றார்கள். அவை 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய கட்டடத்தின் மிச்சங்கள். யவனர் காலத்து ஊர் காலடியில் இருக்கின்றது. வடபகுதியில் பண்டகசாலை என்று வீலர் கருதிய நீண்ட கட்டடமும், தென்பகுதியில் தொட்டிகளும் அகழ்ந்து பார்த்தபின் மண்ணால் மூடப்பட்டன. மழை பெய்து ஓய்ந்தால் மணிகள் மேலே வந்து மின்னும். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடவேண்டும். எடுப்பது சட்டப்படியும் குற்றம். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரியாமல் கைக்கு வந்த மணிக்கு வயது சொல்ல எவராலும் இயலாது. மட்கலங்களையும் சாடிகளையும் மணிகளையும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கின்றார்கள்.